சகலை முந்திக்கொண்டான்

கொழுந்தியாள் முழுகாமல் இருக்கிறாள் என்று என் மனைவி சொன்னபோது நான் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். ஊசி விரலில் ஏறிவிட்டது.

"நல்ல சேதிதான்" என்றேன்.

"நல்ல சேதியை ஏன் பல்லைக் கடிச்சுக்கிட்டு சொல்றீங்க?"

"ஊசி குத்திடுச்சு."

அவள் விரலைப் பார்க்கவில்லை, மூஞ்சியைப் பார்த்தாள். அப்புறம் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

கொழுந்தியாளின் புருஷன் எனக்குச் சகலை. ஒரே ஹோட்டலில் இரண்டு பேருக்கும் வேலை. அவன் மேலே, பெரிய ஹாலில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு பரிமாறுகிறவன். நான் கீழே, தரைக்கு அடியில் இருக்கிற சலவைக்கூடத்தில் ஸ்டீம் பிரஸ் இழுக்கிறவன். அவன் கோட்டையும் நான்தான் தேய்ப்பேன். இரண்டு வீட்டிலும் பிள்ளை கிடையாது. சொந்தக்காரர் வீட்டுக்கு எங்கே போனாலும் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று ஒருத்தர் ஆரம்பிப்பார். "எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நாள்ல சொல்றோம் பெரியம்மா, ரெண்டு தடவை செலவு எதுக்கு?" என்பான் சகலை. எல்லோரும் சிரிப்பார்கள், பேச்சு மாறிவிடும். மற்றவர்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்கும்போது நாற்காலி எடுத்துப் போடுகிற வேலை எங்கள் இருவருக்கும். இனிமேல் நாற்காலியை நான் தனியாகத்தான் தூக்க வேண்டும். பொத்தானைத் தைத்து முடிப்பதற்குள் எனக்கு இது உறைத்துவிட்டது.

மறுநாள் தேநீர் நேரத்தில் அவனே கீழே இறங்கி வந்தான். முகமெல்லாம் பல்.

"சகலை, விஷயம் காதுக்கு வந்திருக்குமே!"

"வந்துச்சு. சந்தோஷம். தங்கச்சிக்கு எந்த ஆஸ்பத்திரியில பாத்தீங்க?"

அவன் பாய்லர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அவளுக்கு இல்ல. எனக்குத்தான் பாத்தாங்க. போன வருஷம் நம்ம ஹாலுக்கு ஒரு டாக்டர் சங்கம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? பிள்ளை இல்லாத ஆம்பளைங்களுக்கு வைத்தியம் பாக்கற டாக்டருங்க எல்லாம் சேர்ந்து வச்சிருக்காங்களே, அந்தச் சங்கம்."

எனக்கு அந்தச் சங்கத்தின் மேஜை விரிப்புதான் ஞாபகத்தில் இருந்தது. நீல நிறம். காபிக் கறை எத்தனை அலசியும் போகவில்லை.

"காபிக் கூஜாவோட ஒரு மேஜை ஓரமா நின்னேன்" என்றான் சகலை. "சங்கத்துச் செயலாளர், அவரும் டாக்டர்தான், மேடையில நின்னு மத்த டாக்டருங்களையே திட்டறார். 'பிள்ளை இல்லைன்னு ஒரு ஜோடி வந்தா முதல்ல அந்த ஆம்பளையைப் பாருங்கய்யா! பாதி இடத்துல கோளாறு இவன்கிட்டயும் இருக்கு. கத்தி இல்லாத ஒரு சின்ன டெஸ்ட். அதைச் செய்யாம அந்தப் பொண்ணை எதுக்குப் போட்டுக் குத்தறீங்க?'ன்னு கத்தறார். கூஜா அப்படியே சாஞ்சுபோச்சு. கறை பட்டதே அப்பதான். இடைவேளையில அவர் கப்புல காபி ஊத்தும்போதே கேட்டுட்டேன்."

"என்னன்னு?"

"சர்க்கரை எவ்வளவு சார், எனக்குப் பிள்ளை இல்லை சார்னு."

நான் சிரிக்கவில்லை. வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

"விதைப்பையில நரம்பு புடைச்சுக்கிட்டு இருந்துச்சாம். ஒரு ஆபரேஷன். அவ்வளவுதான்."

"எப்ப செஞ்சே?"

"குடலிறக்கம்னு லீவு போட்டேனே..."

அந்தக் குடலிறக்கத்துக்கு நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். எழுந்திருக்காதே என்று சொல்லித் தலையணையைச் சரிசெய்தேன். தோலை உரித்து, கொட்டையெல்லாம் எடுத்துச் சுளை சுளையாகக் கையில் கொடுத்தேன். அத்தனையையும் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டவன் இவன்.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சரியாகுமா ஆகாதான்னே தெரியாது, என்னத்தைச் சொல்ல? சொன்னா நீங்க சிரிச்சிருப்பீங்க சகலை."

சிரித்திருப்பேன்தான். அதை அவன் வாயால் கேட்பது பிடிக்கவில்லை.

"நீங்களும் ஒரு நடை அந்த டாக்டரைப் போய்..."

"என் நரம்பெல்லாம் நேராத்தான் இருக்கு. நீ போய் உன் கூஜாவைப் பாரு."

என் மனைவி பட்ட பாடு தனி. ஊசி, ஸ்கேன், மருந்து செலுத்தி எடுத்த படம் என்று எல்லாம் ஆகிவிட்டது. ஒவ்வொரு முறையும் அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நான் வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். ஒரே ஒரு நர்ஸ் மட்டும் ஒரு தடவை, "சாருக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று கேட்டாள். "எனக்கெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றேன். அவளும் சரி என்று போய்விட்டாள். இப்போது பெண்கள் ஆஸ்பத்திரியில் வயிற்றில் துளை போட்டு உள்ளே பார்க்க வேண்டும் என்று நாள் குறித்திருந்தார்கள்.

"தங்கச்சி எல்லாம் சொன்னா" என்றாள் மனைவி அன்று சாயங்காலம். "ஒரு டெஸ்டுதானாமே. நீங்க போய்ப் பாத்துட்டு வந்தா எனக்கு இந்த ஆபரேஷன் வேணுமா வேணாமான்னாவது தெரியும்ல?"

"அவன் தும்மினா நான் மூக்கைச் சிந்தணுமா?"

"மயக்க மருந்து கொடுப்பாங்களாம். எனக்குப் பயமா இருக்குங்க."

அவள் பயப்படுகிறாள் என்பதற்காகத்தான் போனேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் போனது வேறு காரியமாக. எனக்கு ஒரு குறையும் இல்லை என்று அதே டாக்டர் வாயால் சொல்லிக் கேட்க வேண்டும், அதைக் கொண்டுபோய்ச் சகலை காதில் போட வேண்டும். வீட்டில் சொல்லாமல் கிளம்பினேன்.

செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது சங்கத்தின் கிளினிக். பலகையை எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கும்வரை வாசலில் நின்றதே பெரிய தப்பு. தெருவில் போகிற எல்லோரும் அதற்குள் என்னையும் சேர்த்துப் படித்துவிட்டார்கள். உள்ளே முழுக்க ஆண்கள். ஆளுக்கொரு பக்கம் சுவரைப் பார்த்தபடி இருந்தார்கள். ஒருவர் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார், யாரும் அவரிடம் சொல்லவில்லை.

செயலாளர் டாக்டர் குள்ளமாக, கலகலப்பாக இருந்தார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"ஸ்டீம் பிரஸ் சார்."

"எவ்வளவு நேரம் அது முன்னாடி நிப்பீங்க?"

"சாப்பிடற நேரம் தவிர மத்த நேரம் பூரா."

"எந்த உயரத்துல ஆவி அடிக்கும்?"

காட்டினேன். அவர் "ம்" என்றார். படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பார்த்தார். இன்னொரு "ம்". எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், ஹோட்டல்ல காபி ஊத்தறவன் ஒருத்தன் உங்ககிட்ட வந்தானே, என் சகலை. அவனைவிட எனக்கு நல்லாத்தானே இருக்கு?"

"இங்க ஒருத்தரை வச்சு இன்னொருத்தரை அளக்கறது இல்லீங்க. ஒருத்தர் விஷயத்தை இன்னொருத்தர்கிட்ட சொல்றதும் இல்ல. டெஸ்ட் வரட்டும், பேசுவோம்."

கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்தார்கள். வீட்டிலிருந்தே எடுத்து வரலாம், ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும், சூடு ஆறவிடக் கூடாது என்றாள் பரிசோதனைக்கூடத்துப் பெண். அதற்கு மேலும் ஏதோ சொன்னாள். நான் டப்பாவை எந்தப் பைக்குள் மறைப்பது என்ற யோசனையில் இருந்தேன்.

மனைவி கடைக்குப் போயிருந்த காலை வேளையில் காரியத்தை முடித்துக்கொண்டு கிளம்பினேன். போகிற வழியில்தான் ஹோட்டல். வருகையைப் போட்டுவிட்டுப் போனால் அரைநாள் சம்பளம் பிடிக்க மாட்டார்கள். மேஸ்திரி கையெழுத்துப் புத்தகத்தோடு எங்கேயோ தொலைந்திருந்தார். அவரைத் தேட வேண்டும், சூடும் ஆறக் கூடாது. சூடு ஆறாமல் வைப்பது எப்படி என்று ஸ்டீம்காரனுக்கா பாடம் எடுக்க வேண்டும்? பாய்லரிலிருந்து வருகிற பைப்பின் மேல், எங்கள் சாப்பாட்டு டப்பாக்களை வைக்கிற இடத்தில், துண்டைச் சுற்றி வைத்தேன். மேஸ்திரியைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து எடுத்தபோது டப்பா சுடச்சுட இருந்தது. பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

முடிவு கேட்கப் போன அன்று டாக்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். 

"உயிரணு எண்ணிக்கை கம்மிதான். அதுலயும் ஒண்ணுகூட அசையலை. உயிரோட இருக்கறதா எதுவும் தெரியலை. ஆனா..."

அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் நான் அங்கே இல்லை. "உக்காருங்க, நான் இன்னும் முடிக்கலை" என்ற குரல் படிக்கட்டு வரை துரத்திக்கொண்டு வந்தது.

அன்றைக்குத் தெருவில் கண்ட ஆண்களெல்லாம் எவனுக்கோ அப்பனாகத் தெரிந்தார்கள். பஸ் ஓட்டுகிறவன், பூட்டு ரிப்பேர் பண்ணுகிறவன், சிக்னலில் திட்டு வாங்கிக்கொண்டு நிற்கிறவன். அத்தனை பேரும் என்னைவிட ஒரு படி மேலே நின்றார்கள். உச்சியில் சகலை, வாயைத் துடைத்துக்கொண்டு.

வீட்டில் சொல்லவில்லை. திங்கட்கிழமை ஆபரேஷனுக்காக மனைவி துணியை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்திருந்தாள். அது நடக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். அவள் வயிற்றிலும் ஏதாவது இருந்துவிட்டால் பழி என் தலையில் மட்டும் விழாதே என்றுகூட நினைத்தேன்.

சனிக்கிழமை ஒரு கறுப்புக் கோட்டு என் மேஜைக்கு வந்தது. மேனேஜருடையது.

"நாளைக்கு அந்த டாக்டர் சங்கத்துக் கூட்டம். உன் சகலை இதைப் போட்டுக்கிட்டு மேடையில பேசறானாம், நோயாளி சார்பா. சுருக்கமில்லாம தேய்ச்சுக் கொடு" என்றார் மேஸ்திரி.

தட்டு தூக்குகிறவன் மைக் பிடிக்கப் போகிறான்! பிரஸ்ஸை ஒரு நிமிஷம் கூடுதலாக அழுத்தினால் முதுகில் பளபளவென்று ஒரு தழும்பு விழும், சாகிறவரைக்கும் போகாது. கை அங்கேயே நின்றது. மேனேஜர் கோட்டாகப் போயிற்று. வேறு வழியில்லாமல் என் வாழ்நாளில் தேய்த்ததிலேயே நன்றாகத் தேய்த்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விரிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே போனவன், ஹாலின் பின்கதவு ஓரமாக நின்றுவிட்டேன். ஹால் நிறைய டாக்டர்கள். சகலை மேடையில், என் மடிப்போடு.

"நான் இங்க காபி ஊத்தறவன்" என்று ஆரம்பித்தான். "போன வருஷம் மூணாவது மேஜையில யார் மடியிலயோ ஊத்திட்டேன். அவங்க மன்னிக்கணும்." ஹால் சிரித்தது. "என் சம்சாரத்தைப் பாக்காத ஆஸ்பத்திரி இல்ல. எங்கயும் என்னை ஒரு வார்த்தை கேக்கலை. கேக்காம விட்டதுல எனக்கு உள்ளூர சந்தோஷம்தான். அவ பல்லைக் கடிச்சுக்கிட்டு வலியைத் தாங்குவா, நான் வெளியில அவ பையை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். நீங்க முதல்லயே என்னை உள்ள கூப்பிட்டிருந்தா அவ அவ்வளவு பட்டிருக்க மாட்டா."

 அப்புறம் கைதட்டல், முன்வரிசை எழுந்து நின்றே தட்டியது. எனக்கு நெஞ்சு எரிந்தது. மடியில் பையோடு உட்கார்ந்திருந்தவன் நான். நான் சொல்லியிருக்க வேண்டியதையும் அவனே சொல்லிக் கைதட்டும் வாங்கிக்கொண்டு போகிறான்.

ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கிற நடையில் என்னைக் கண்டதும் ஓடி வந்தான்.

"சகலை! நீங்களும் கேட்டீங்களா? எப்படி இருந்துச்சு?"

"கோட்டு நல்லா இருந்துச்சு."

"என்ன சகலை, மூஞ்சியை இப்படி வச்சுக்கிட்டு..."

"நானும் போனேன்டா உன் டாக்டர்கிட்ட. எனக்கு எல்லாம் செத்துக் கிடக்காம். திரும்பப் போய் மைக்கைப் பிடிச்சு அதையும் சொல்லு, இன்னும் நல்லா தட்டுவாங்க!"

அவன் முகம் சுண்டிப்போயிற்று. "எல்லாமேவா? எனக்கே கொஞ்சம் ஓடிச்சே..."

"உனக்கு ஓடும். உனக்கு எல்லாம் ஓடும்."

"இருங்க, இருங்க. டப்பாவை எப்படிக் கொண்டுபோனீங்க?"

"சூடு ஆறக்கூடாதுன்னாங்க. நம்ம சாப்பாட்டு டப்பா வைக்கிற பைப் மேல வச்சுட்டு, மேஸ்திரியைத் தேடி..."

"பாய்லர் பைப்பா?"

"வேற எந்தப் பைப்பு இருக்கு?"

சகலை என்னை உற்றுப் பார்த்தான். உதடு துடித்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. சுவரோடு சறுக்கிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அவிச்சுட்டீங்களே சகலை! ஒரு வம்சத்தையே அவிச்சுட்டீங்களே! உடம்புச் சூடுதான் கேட்டாங்க, பாய்லர் சூடா கேட்டாங்க?"

அவனை உதைக்கக் கால் தூக்கியது உண்மை. ஆனால் வாயில் வந்தது வேறு. "எழுந்திரு, கோட்டு கசங்குது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவன் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தேநீர் மேஜையில் செயலாளர் டாக்டர் முன்னால் நிறுத்தினான். பைப் கதையையும் அவனே சொன்னான். டாக்டர் சிரிக்காமல் கேட்டார். கப்பு மட்டும் தட்டில் கடகடவென்று ஆடியது.

"நீங்க அன்னைக்கு ஓடாம இருந்திருந்தா இதைத்தான் கேட்டிருப்பேன்" என்றார், என்னை மட்டும் மேஜையின் கடைசிக்கு அழைத்துப்போய். "ஒரே ஒரு டெஸ்டை வச்சு யாருக்கும் முடிவு சொல்றது இல்ல. ரெண்டு தடவையாவது பாக்கணும், எங்க சங்கத்து விதியே அதுதான். உங்களுக்கு இடது பக்கம் நரம்பும் புடைச்சிருக்கு, வேலையில சூடும் ஜாஸ்தி. பாத்து செய்ய வேண்டியது இருக்கு. உறுதி இப்ப கொடுக்க முடியாது. வீட்டம்மாவுக்கு ஏதாவது வைத்தியம் நடக்குதா?"

"நாளைக்கு ஆபரேஷன் சார்."

டாக்டர் கப்பைக் கீழே வைத்தார். "வயித்து வலி, கட்டி அப்படி ஏதாவது அவசரமா?"

"இல்ல சார், பிள்ளைக்காக உள்ள பாக்கறாங்களாம்."

"அப்ப தள்ளிவைக்கலாமான்னு அவங்க டாக்டரை இன்னைக்கே கேளுங்க. முதல்ல நீங்க."

செத்துப்போனதாக நினைத்தது பிழைத்திருக்கலாம் என்று தெரிந்தால் மனுஷனுக்குச் சந்தோஷம் வர வேண்டும். வந்தது. ஆனால் அதையும் சகலைதான் கண்டுபிடித்துக் கொடுத்தான் என்பதுதான் முள்ளாகக் குத்தியது. மேஜையில் அவன் எல்லோருக்கும் கேக் எடுத்து நீட்டினான். நான் எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கட்டியிருந்த பை கதவோரம் நின்றது. மனைவியை உட்காரச் சொல்லி, நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மாடிப்படி, டப்பா, பைப், செத்தது, மறைத்தது.  முடித்ததும் அவள் கேட்டாள்.

"தெரிஞ்சுக்கிட்டே நாளைக்கு என்னைக் கூட்டிக்கிட்டுப் போயிருப்பீங்க?"

நான் கதவோரப் பையைப் பார்த்தேன்.

"யோவ், உன்னைத்தான் கேக்கறேன். கத்தி என் வயித்துல போட்டிருப்பாங்க. நீ என் பையை வச்சுக்கிட்டு வெளிய உக்காந்திருப்பே?"

"அவன் முந்திக்கிட்டான்னு ஒரே எரிச்சல். அதுல புத்தி..."

"உனக்கு மட்டும்தான் எரியுமா?" அவள் குரல் உடைந்தது. "அவ என் கையைப் பிடிச்சுத் தன் வயித்துல வச்சு, 'அக்கா, பாரேன்'ங்கறா. நான் தூக்கி வளர்த்தவ. நான் சிரிச்சேன், கொஞ்சினேன். வீட்டுக்கு வந்து அந்தக் கையை எத்தனை தடவை கழுவினேன்னு உனக்குத் தெரியுமா? நான் எங்க போய்ச் சொல்றது?"

இத்தனை வருஷமாக ஒரே அறையில் இரண்டு பேரும் தனித்தனியாகப் புழுங்கியிருக்கிறோம். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் நகர்ந்துகொண்டாள். கைப்பேசியை எடுத்து, ஆஸ்பத்திரி எண்ணைப் போட்டு, என் கையில் திணித்தாள்.

"நீங்களே சொல்லுங்க" என்றாள். மரியாதை திரும்பி வந்தது இன்னும் பயமாக இருந்தது.

எதிரில் ஒரு பெண் குரல். நாளைக்கு வரவில்லை என்றேன். காரணம் கேட்டாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் குரலைக் குறைத்து ஏதோ முனகினேன்.

"சார், கேக்கலை" என்றது போன்.

"சத்தமா" என்றாள் மனைவி.

"எனக்குத்தான் முதல்ல பாக்கணும்மா! எனக்கு இன்னும் டெஸ்டே சரியா எடுக்கலை. அது தெரிஞ்சப்புறம் அவளுக்குப் பாக்கலாம்."

அடுத்த வீட்டுக்காரியின் துணி உதறல் நின்றது. போனில் அந்தப் பெண், "சரிங்க, டாக்டர்கிட்ட சொல்லித் தள்ளிவைக்கிறேன்" என்று வெகு சாதாரணமாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

மனைவி பையைத் திறந்து நைட்டியையும் துண்டையும் வெளியே எடுத்தாள். அலமாரியில் அடுக்கினாள். கடைசித் துணியை வைக்கும்போது, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"உங்க சகலை எப்படிக் கொண்டுபோனாராம்?"

"சட்டைக்குள்ள, அக்குள்ல இடுக்கிக்கிட்டுப் போனானாம். அதுதான் சரியான சூடாம்."

"அப்ப நீங்களும் அப்படியே கொண்டுபோங்க. புதுசா எதையும் கண்டுபிடிக்க வேணாம்."

"அவன் இடது அக்குள்ல வச்சானாம். நான் வலது பக்கம் வச்சுக்கறேன்" என்றேன்.